துணி கட்டிய செடிகள்

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட். நாலரை மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். ஒரு ஆளுக்குக் காப்பி போட்டால் பால் மிஞ்சத்தான் செய்கிறது. மிஞ்சியதை ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளித்துச் சீருடை போட்டுக்கொண்டு இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டேன். கேஸ், பின்கதவு, மோட்டார் ஸ்விட்ச் மூன்றையும் பார்த்துவிட்டு வாசலைப் பூட்டினேன். மனைவி காவேரிப்பட்டினத்தில் அவளுடைய அக்கா வீட்டில் இருந்தாள். கிளம்பிவிட்டேன் என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன். அந்த நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். இருந்தாலும் அனுப்புவது வழக்கம்.

லேஅவுட்டின் வளைவைத் தாண்டினால் சர்வீஸ் ரோடு. கம்பெனி பஸ் நிற்கும் சிறு பாலம் வரை அதன் ஓரமாக நடக்க வேண்டும். ஒரு பக்கம் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடுகிற லாரிகள். மறுபக்கம் லேஅவுட்டின் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கும் தாருக்கும் நடுவே ஒரு லாரி அகலத்துக்கு மண் தரை. யாரும் வீடு கட்ட முடியாத, யாரும் உழ முடியாத இடம். அந்த மண்ணில்தான் ஆறேழு வருடமாக நான் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இருட்டில் செல்போன் வெளிச்சத்தை அடித்தபடி நடந்தேன். முந்தின இரண்டு மாலைகளில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணிகள் அவிழாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தீனியச் செடிகளில் மட்டும் கட்டியிருந்தேன். துணி கட்டியதைப் பிடுங்க வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது. பகலில் ஆட்கள் வந்து அந்த வேலையை முடித்துவிட்டால் மறுநாள் என் மனைவி வீட்டுக்கு வருவாள். ஏற்பாடு அவ்வளவுதான். எல்லாத் துணிகளும் கட்டியபடியே இருந்தன. பஸ் வந்தது, ஏறினேன்.

இயந்திரப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கடைசலிலிருந்து வரும் உருப்படியில் பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது. வருடக்கணக்கில் அதையே செய்கிறவனுக்குக் கண் வேறு வேலைக்கு உதவாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். என்னுடையது அப்போது பட்டன் போன், பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

முதலில் தும்பை. தும்பை எல்லோருக்கும் தெரிந்த செடி என்றுதான் நினைத்தேன். குந்தி உட்கார்ந்து பார்த்தபோது அந்த ஓரத்தில் இரண்டு தும்பைகள் இருந்தன. இரண்டுக்கும் தண்டு நாலு பட்டை, இரண்டுக்கும் பூ வெள்ளை. ஆனால் பூவைத் தாங்குகிற பச்சைக் கிண்ணத்தின் வாய் ஒன்றில் நேராக வெட்டியதுபோல இருந்தது, மற்றதில் சாய்த்து வெட்டியதுபோல. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு சிறு பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணுக்கு நெருக்கமாக அதை வைத்துக்கொண்டு நான் மண்ணில் முட்டி போட்டிருந்ததைப் பார்த்த மனைவி சொன்னாள்:

"பொண்ணு பாக்க வந்தப்பகூட என்ன இப்பிடி உத்துப் பாக்கலியே நீங்க."

அவளும் அப்போது கூட வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும் முன்னால் பாலம் வரை போய்த் திரும்புவோம். எங்களுக்குள் பேச்சு குறைவு. வீட்டில் உட்கார்ந்தால் கேஸ் புக் பண்ணியாச்சா, தண்ணி வண்டிக்குச் சொல்லியாச்சா என்பதற்கு மேல் போகாது. ரோட்டு ஓரத்தில் பேச விஷயம் இருந்தது. அவள் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்குச் செடிகள் இரண்டே வகை: மாடு தின்பது, மாடு தின்னாதது. நான் இதழை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்துவிட்டு, இது தின்னாது என்பாள். பெரும்பாலும் நான் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்வதற்கு முன்பே அவள் அடுத்த செடிக்குப் போயிருப்பாள்.

பிறகு படம் எடுத்தால் பெயர் சொல்லுகிற செயலி உள்ள போன் வாங்கினேன். அந்தச் செயலிக்குப் பூ மட்டும்தான் தெரியும். கொழுஞ்சியைக் காட்டினால் அவுரி என்றது. மனைவி கொழுஞ்சியின் ஒரு சிற்றிலையைப் பறித்து நுனியைப் பிடித்து இழுத்தாள். இலை குறுக்கே கிழியாமல் அம்பு முனைபோலக் கிழிந்தது. "அவுரி இப்பிடியா கிழியும்? கேளுங்க உங்க போன," என்றாள். அன்றிலிருந்து செயலி சொல்வதை முதல் யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். காய், விதை, தண்டின் முடி, கசக்கினால் வரும் மணம் எல்லாம் பார்த்த பிறகுதான் நோட்டில் பெயரை எழுதுவேன். சந்தேகம் இருந்தால் எழுத மாட்டேன்.

அந்த ஓரத்தில் விஷ்ணுகிராந்தி இருந்தது. காலை வெயில் பட்டால்தான் நீலக் கண் திறக்கும்; அதனால் முதல் ஷிப்ட் வாரங்களில் அதைப் பார்க்கவே முடியாது. ஆவாரை இருந்தது. பால்காரர் கன்னடத்தில் அதைத் தங்கடி என்பார், எருக்கை எக்க என்பார். பாலத்தருகே டீக்கடை வைத்திருக்கிற தெலுங்குக்கார அம்மாவுக்கு அதே எருக்கு ஜில்லேடு. சுவரின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு செங்காந்தள் ஏறியிருந்தது. இலையின் நுனியே சுருண்டு கொக்கியாகி வேலியைப் பற்றியிருக்கும். இவை எல்லாம் நிறத்தாலோ உயரத்தாலோ தங்களைக் காட்டிக்கொள்கிற பூக்கள். எனக்குப் பெருமை ஓரிதழ்த் தாமரையில்தான். புல்லுக்குள் விரல் நக அளவுக்கு ஒரு ரோஸ் நிற இதழ், யாரோ மற்ற இதழ்களைப் பிய்த்துப் போட்டதுபோல. உண்மையில் மற்ற நான்கும் இருக்கின்றன, கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை. அதைக் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் என்னோடு முட்டி போட்டுப் பார்த்தாள். மாடு தின்னுமா என்று கேட்டேன். "இத்தினூண்ட மாடு எங்க பாக்கப்போவுது," என்றாள்.

பார்த்தீனியமும் இருந்தது. எங்கேதான் இல்லை. நான் அதையும் முறையாகப் பார்த்திருக்கிறேன். கேரட் இலைபோன்ற இலை, வெள்ளைப் பொடிப் பூ, ஒவ்வொரு பூத்தலையிலும் ஐந்து மூலை. தென் அமெரிக்காவிலிருந்தோ எங்கிருந்தோ வந்தது என்றும் எழுதியிருக்கிறேன்.

மனைவிக்கு இருமல் வந்தது இரண்டு வருடம் முன்பு. முதலில் புழுதி என்றார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் வீடு, பின்னால் தொழிற்பேட்டை. புழுதி என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஜன்னலை மூடினோம். மருந்து மாற்றினோம். இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மூச்சை வெளியே விடும்போது விசில்போல ஒரு சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை நடை நின்றது. நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். கேட்டுக்கொள்வாள், சில நாள் கேட்க மாட்டாள்.

இந்த வருடம் கம்பெனியில் நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்கு ஒரு விழா எடுத்து எனக்கும் ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். ஓசூர் ரோஜா, காம்பு நீளமாக, நல்ல தரம். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். அன்று இரவு அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடிந்து திரும்பி வந்து அந்தப் பூங்கொத்தைப் பார்த்தேன். ரோஜாக்களுக்கு நடுவே அடர்த்திக்காகச் சொருகியிருந்த வெள்ளைப் பொடிப் பூவைப் பூதக்கண்ணாடியில் வைத்தேன். ஐந்து மூலை. கடைக்காரர் ரோட்டு ஓரத்தில் பறித்திருப்பார், விலை இல்லாத பூ.

அதன் பிறகுதான் டாக்டர் அவள் முன்கையில் வரிசையாகப் புள்ளி வைத்து ஊசியால் கீறிச் சோதனை செய்தார். பார்த்தீனியத்துக்கான புள்ளி மட்டும் கொசு கடித்ததைவிடப் பெரிதாக வீங்கியது. வீட்டுப் பக்கத்தில் இந்தச் செடி இருக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"இருக்குதுங்க டாக்டர். எங்கெங்க இருக்குதுன்னு இவரு படமே போட்டுத் தருவாரு."

பஸ்ஸில் திரும்பும்போதும் அவள் விடவில்லை. "அத்தினி செடிக்கும் பேரு தெரியுது உங்களுக்கு. பக்கத்துல படுத்திருக்கிறவ எதுக்கு இருமறான்னு மட்டும் ஒரு கண்ணாடியிலயும் தெரியல."

செப்டம்பர் மழைக்குப் பிறகு சுவரோரம் பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டினம் போனாள். ஓரத்தைச் சுத்தம் பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வரேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

லேஅவுட் சங்கத்தின் செயலாளர் ரியல் எஸ்டேட் செய்கிறவர். அந்த ஓரத்தைச் சமப்படுத்தி பேவர் கல் பதித்துக் கார் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். நெடுஞ்சாலைக்குச் சொந்தமான இடமாயிற்றே என்று கேட்டால், பேசிக்கலாம் சார் என்பார். கூட்டத்தில் நான்தான் ஆட்சேபித்து நிறுத்தி வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு முன்பு எப்படியும் சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைப்பார்கள். இந்த முறை நானே போய்ப் பேசினேன்.

"பார்த்தீனியத்தை மட்டும் வேரோட எடுத்தாப் போதும். மத்தது இருக்கட்டும்."

"சார், நீங்க குரூப்ல போடுற போட்டோ எல்லாம் சூப்பராத்தான் இருக்கு. என் பொண்ணு ஸ்டேட்டஸ் வைக்கிறா. ஆனா பாம்பு வருதே?"

"பாம்பு பின்னால காலி மனையிலேருந்து வருது."

"உங்க மிஸஸ்ஸுக்காகத்தான் நானும் சொல்றேன். மொத்தமா வழிச்சு எடுத்துட்டா பார்த்தீனியமும் இல்ல, பாம்பும் இல்ல, பஞ்சாயத்தும் இல்ல."

"ஒரு தடவை இப்படிச் செஞ்சு பார்ப்போம்."

"வர்ற லேடீஸுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் அடையாளம் கட்டி வைக்கிறேன்."

ஒப்புக்கொண்டார். ஒரு மீட்டர் சிவப்புக் காடாத் துணி வாங்கி விரல் அகலத்துக்குக் கிழித்தேன். சிவப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பொருள் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் அதில் சிவப்பு அட்டை கட்டுவோம். கழிக்க வேண்டிய உருப்படிக்குச் சிவப்புப் பெயிண்ட். சிவப்பைப் பார்த்தால் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது அங்கே நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் தெரியும். ஓசூரில் பாதி வீடுகளில் அந்த அட்டையைப் பார்த்தவர் ஒருவராவது இருப்பார். இரண்டு மாலைகள் முகமூடி போட்டுக்கொண்டு புதருக்கு ஒன்றாகக் கட்டினேன். ஏன் கட்டியிருக்கிறது, எதைப் பிடுங்க வேண்டும், எப்படிச் சாக்கில் கட்ட வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியும் அனுப்பினேன்.

கட்டிய நேரத்தில் பிடுங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். பரிசோதிக்கிறவன் எடுத்துப் போட மாட்டான். அவன் பார்ப்பான், குறி வைப்பான், எழுதுவான். எடுப்பது வேறு ஆளின் வேலை. இரண்டையும் ஒருவனே செய்தால் தவறு நடக்கும் என்பது எங்கள் முறை. நான் அந்த முறையில் ஊறியவன். எனக்கு வேறு யோசனை தோன்றவே இல்லை.

அன்று ஷிப்டில் சொல்லும்படி எதுவும் இல்லை. இரண்டரைக்கு மணி அடித்தது, பஸ் ஏறினேன். பாலத்தில் இறங்கியபோது முதலில் தெரிந்தது மண். சிவப்பாக, புதிதாகக் கிளறிய மண். அதன் நடுவே பார்த்தீனியம் பச்சையாக, வெள்ளைப் பூவோடு, ஒவ்வொன்றும் இடுப்பில் என் துணியோடு நின்றது. சுற்றிலும் தரை பெருக்கியதுபோல இருந்தது. ஒவ்வொரு பார்த்தீனியத்தைச் சுற்றியும் களைக்கொத்தால் பாத்திபோல மண் அணைத்திருந்தார்கள்.

மற்றதெல்லாம் பாலத்தருகே குவியலாகக் கிடந்தது. நான் பையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் குவியலைப் பார்த்தேன். தும்பை, இரண்டு வகையும். ஆவாரை அடியோடு வெட்டியது. கொழுஞ்சி. செங்காந்தள் கொடி கிழங்கோடு வந்திருந்தது. வாடிய இலைகளுக்கு மேல் அதன் பூக்கள் மட்டும் இன்னும் இதழை மேலே தூக்கிக்கொண்டிருந்தன. அடையாளம் காண்பதற்கு இவ்வளவு வசதியாக எனக்கு ஒருநாளும் அமைந்ததில்லை: எல்லாம் ஒரே இடத்தில், வேரோடு, மண் உதறி. ஓரிதழ்த் தாமரையைத் தேடினேன். அது குவியலில் கிடைக்கிற செடி இல்லை. களைக்கொத்து படும்போதே மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

வேலை செய்த பெண்கள் சுவரின் நிழலில் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேர். கல்லாவிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த அம்மாவுக்கு என் வயதிருக்கும்.

"யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது?" என்றேன்.

"வாங்கண்ணா. நீங்கதானா துணி கட்டினது?" என்றாள் அவள். "பாத்தீங்களா, ஒண்ணுமேல கொத்து படல. மண்ணுகூட அணைச்சி உட்டிருக்கோம்."

"துணி கட்டினதைத்தான் பிடுங்கணும்."

கைச் சோறு பாதி வழியில் நின்றது. "இன்னாண்ணா சொல்றீங்க? துணி கட்டினத யாராச்சும் புடுங்குவாங்களா? வெதைக்கு உடுற பூசணியில, கத்திரியில துணி கட்டுவோம். பறிக்கிறவங்க கை வெச்சிடப் போறாங்கன்னு."

"இது பார்த்தீனியம்மா. விஷச் செடி."

"அது எங்களுக்குத் தெரியாதா? எங்க காட்டுல ரொம்பி வழியுது. தொட்டா கையெல்லாம் அரிக்குது." அவள் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். "இவதான் சொன்னா, கம்பெனிக்காரங்க எதுனா மருந்து எடுப்பாங்கடி, அதான் கட்டி வெச்சிருக்காங்கன்னு."

பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒண்ணியும் சொல்லல. வேண்டுதலா இருக்கும்னுதான் சொன்னேன்," என்றாள். மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"செயலாளர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"வண்டியில வந்தாரு, எறங்கக்கூட இல்ல. துணி கட்டியிருக்குது பாருங்க, பாத்து பதமா செய்யிங்கன்னாரு. பதமாத்தான் செஞ்சோம்." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "ஏண்ணா, இத்தினி துணி கட்டின நேரத்துக்கு நீங்களே புடுங்கிப் போட்டிருக்கலாமே?"

இப்போது இருக்கிறதையும் எடுத்துவிடுகிறோம் என்றாள். ஆனால் மூன்றரைக்கு வேன் வந்துவிட்டது. சூளகிரியில் வேறு வேலைக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போக டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறும்போது அவள், "கோச்சிக்காதீங்கண்ணா," என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் செய்தது அவளுடைய முறைப்படி சரி. நான் செய்தது என் முறைப்படி சரி. இரண்டு சரியும் சேர்ந்து என் மனைவியின் மூச்சை அடைக்கும் ஒரு செடியை மட்டும் பாத்தி கட்டி வளர்த்திருந்தன.

வீட்டுக்குப் போய்ச் செயலாளரைக் கூப்பிட்டேன்.

"பார்த்தேன் சார், செம க்ளீன்," என்றார்.

"பார்த்தீனியத்தைத் தவிர எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"அப்படியா?" ஒரு சிரிப்பை அடக்குவது கேட்டது. "சரி விடுங்க. பாதி வேலை முடிஞ்சுது."

"நான் எழுதி அனுப்பினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"சார், அது ரெண்டு பக்கம் இருந்துச்சு. யாரு படிப்பாங்க? இப்ப நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பின்தெரு சாக்கடை வேலைக்கு ஜேசிபி வருது. நீங்க ஓகே சொன்னா அதையே விட்டு ஓரத்த வழிச்சு, ஜல்லி கொட்டி, பேவர் போட்டுடலாம். உங்க ஆட்சேபணை ஒண்ணுக்காகத்தான் நின்னுட்டிருக்கு. இனிமே காப்பாத்த அங்க என்ன சார் இருக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏழு மணிக்கு மனைவியே கூப்பிட்டாள். "முடிஞ்சுதாங்க? காலையில பஸ்ஸுக்குக் கிளம்பலாமா?"

நடந்ததைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாத்தி கட்டியதையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சிரித்தாள். நிறுத்தி, அக்காவிடம் பாதி சொல்லி, மறுபடி சிரித்தாள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியவில்லை. இரண்டு வருடமாக அவள் சிரிப்பு எதுவும் முழுதாக முடிந்ததில்லை. நடுவில் இருமல் வரும், சிரித்ததற்கே வருந்துகிறவள்போல நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். இப்போது நீளமாகச் சிரித்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, தானாக நிறுத்தினாள்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"அந்த ஒத்த எதழுப் பூவும் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"இங்க படுத்தா விடிஞ்சுதாங்க முழிக்கிறேன்," என்றாள். "அப்பிடித் தூங்கறது எப்பிடின்னே எனக்கு மறந்துபோயிருந்துது. நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்க பூவப் பாருங்க, பாக்காதீங்க, நான் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். அந்தச் செடி இருக்கிற எடத்துக்கு நான் வர மாட்டேன். பூஜையானாலும் சரி, பொங்கலானாலும் சரி."

"சரி," என்றேன்.

"சாப்டீங்களா?"

"இனிமேதான்."

போனை வைத்த பிறகு சாதம் வைத்தேன். அடுப்பு எரியும் நேரத்தில் யோசிப்பதற்கு அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்ததே போதுமானதாக இருந்தது. பார்த்தீனியத்தைப் பற்றி நான் படித்தது எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது: கிளறிய வெறும் மண்ணுக்கு முதலில் வருவது அதுதான். தும்பையும் ஆவாரையும் கொழுஞ்சியும் நெருக்கி நின்ற வரை அதற்கு இடம் குறைவு. இப்போது ஓரம் முழுவதும் அதற்காகத் தயார் செய்து கொடுத்தாயிற்று. நிற்பவற்றைப் பிடுங்கினாலும் உதிர்ந்த விதை மண்ணில் இருக்கிறது. அடுத்த மழைக்கு வேறு எதுவும் வராது, அது மட்டும் வரும், ஒவ்வொரு மழைக்கும் வரும்; மண்ணைக் கல்லால் மூடினால்தான் நிற்கும். செடிகளைப் பற்றி ஆறேழு வருடம் கற்றுக்கொண்டதன் பயன், செயலாளர் ஒரு செடியின் பெயரும் தெரியாமல் சொன்னது சரி என்று எனக்குக் காரணத்தோடு விளங்கியதுதான்.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டுச் சங்கத்தின் குரூப்பில் எழுதினேன்: ஓரத்தில் பேவர் பதிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளை ஜேசிபி வரட்டும். இரண்டு வரிதான், இதை எல்லோரும் படித்தார்கள். கட்டை விரல்களும் கைதட்டல்களும் வரிசையாக வந்தன. யாரோ ஒருவர் ரோஜாப்பூ அனுப்பியிருந்தார். ஷிப்ட் பொறுப்பாளருக்கு மறுநாள் விடுப்பு என்று தெரிவித்துவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை காலை எழுந்ததும் முதலில் பின்பக்கக் குழாயில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்தேன். உலர்ந்து நிற்கும் பார்த்தீனியத்தின் மேல் ஜேசிபி ஏறினால் பூந்தூளும் விதையும் லேஅவுட் முழுக்கப் பறக்கும். அதற்கு முன் அவற்றை எடுத்தாக வேண்டும், வேறு ஆள் இல்லை. கம்பெனிக் கையுறையும் முகமூடியும் போட்டு, வாளிகளையும் சாக்குகளையும் சைக்கிளில் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். வெயில் இன்னும் வரவில்லை. சுவரோரத்தில் முதலில் நின்ற செடியின் தலையில் தண்ணீரைத் தெளித்தேன், அடியில் ஊற்றினேன், மண் ஊறும் வரை நின்றேன். பிறகு தண்டை அடியில் பிடித்து நேராக மேலே இழுத்தேன். மண் இளக்கியிருந்ததால் வேர் முழுதாக வந்தது. சாக்கில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.